விசிறிக்கு மனசு சரியில்லை

கணீர் சமையலறையிலிருந்து "டீ ரெடி" என்று சொன்னார். ஹாலில் புழுவின் தலை கழன்று விழுந்தது.

சொன்னதால் விழுந்ததா, சொல்லும்போது தற்செயலாக விழுந்ததா என்பதில் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. விழுந்தது மட்டும் உண்மை. மீன் தொட்டியின் வெள்ளை மணலில், யாரோ பொம்மைக்குச் செய்து கொடுத்த கைவிசிறி போல, அது அசையாமல் கிடந்தது.

"கொன்னுட்டீங்க," என்றாள் அவர் மனைவி.

"நான் டீதானே சொன்னேன்?"

"சொன்னீங்களா? முழங்கினீங்க."

கணீர் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒருநாள் மைக் செத்துப்போனபோது, தன் கண்ணாடிக் கூண்டின் ஜன்னலைத் திறந்துகொண்டு வெறும் தொண்டையாலேயே வேலையை முடித்தார். கடைசி நடைமேடையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து பையைத் தேடினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் கணீர். வேலையை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வரும் பாக்கியம் சிலருக்குக் கிடைக்கும், அவருக்குக் கிடைக்கவில்லை. குளியலறையிலிருந்து "சோப்பு தீர்ந்துபோச்சு" என்று சொன்னாரானால், எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

புழு மனைவியுடையது. அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். பகல் முழுக்கத் திறந்த வாய்களுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் வாய் என்ற ஒன்றே வெளியில் தெரியாத ஏதாவது ஒரு ஜீவன் தேவைப்பட்டது. அதற்காகத்தான் ஹாலில் கடல்நீர்த் தொட்டி. உப்பு அளந்து கலக்கி, பாறை அடுக்கி, மாதக்கணக்கில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து, பிறகு இரண்டு ஆரஞ்சு மீன் விட்டாள். அவற்றுக்குப் பிறகு வந்ததுதான் விசிறி.

அது ஒரு கடல் புழு. உடம்பை யாரும் பார்த்ததில்லை. விரல் நீளத்துக்கு ஒரு தோல் குழாயைத் தானே கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். தலையில் இருக்கிற இறகுக் கொண்டையை மட்டும் வெளியே விரித்து, தண்ணீரில் மிதந்து வருகிற தூசு தும்பைப் பிடித்துச் சாப்பிடும். பழுப்பும் வெள்ளையும் வரிவரியாக, பார்க்க அத்தனை அழகு. ஒரு நிழல் விழுந்தால் போதும், சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது அந்தக் கொண்டைதான் கீழே கிடந்தது. குழாய் மேலே வெறுமையாக வாய் பிளந்து நின்றது.

கணீரின் மாமனார் தன் அறையிலிருந்து வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஆயுள் முழுக்க மருந்துக் கடையில் நின்றவர். டாக்டர் எழுதியதைப் படித்துப் படித்தே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை.

"தலை தனியா, உடம்பு தனியா கிடக்கு," என்றார். "இதுக்கு மேல வைத்தியம் இல்லம்மா."

அவள் தொட்டிக் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் மூன்று பேரும் கேட்டார்கள்.

"தூக்கிப் போட்டுடாதீங்க!" என்று கடைக்காரம்மா அலறினாள். "எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. செத்துப்போச்சுன்னு குப்பையில போட்டுடறாங்க. அது சாகல. கொண்டைதான் போயிருக்கு. திரும்ப முளைக்கும்."

"ஏன் கழண்டுச்சு?"

"மனசு சரியில்லைன்னா கழட்டிடும்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புழுவுக்கா?" என்று மாமனார் கேட்டார்.

"புழுன்னா மனசு இருக்கக் கூடாதா? ஏதோ தொந்தரவு இருக்கு. தண்ணியில உப்பு ஏறி இறங்குதா? சூடு மாறுதா? மீன் ஏதாவது கொத்துதா? செம்பு, பித்தளை எதுவும் தண்ணியில படலையே?"

"எங்க வீட்ல செம்புப் பாத்திரமே கிடையாது. உப்பு, சூடு எல்லாம் காலையிலதான் பார்த்தேன், சரியா இருக்கு. மீன் ரெண்டும் அது பக்கமே போகாது."

"அப்ப வீட்ல ஏதாவது அதிர்ச்சி? சத்தம், கதவை அடிச்சுச் சாத்துறது, அந்த மாதிரி?"

மனைவி மெல்லத் திரும்பிக் கணீரைப் பார்த்தாள். மாமனாரும் பார்த்தார். தொட்டிக்குள்ளிருந்த இரண்டு ஆரஞ்சு மீன்களும் அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்ததாகத்தான் கணீருக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. கதவுகளுக்கு ஓரத்தில் பஞ்சுப் பட்டை ஒட்டப்பட்டது. மிக்ஸி படுக்கையறைக்குப் போனது. தலையணைகளுக்கு நடுவில் வைத்துத்தான் அரைக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டப்பட்டன. கணீர் ரகசியம் பேசுகிற குரலில் மட்டும்தான் பேச வேண்டும். ஹாலைக் கடக்கும்போது அதுவும் கூடாது, சைகை.

கணீர் ஒப்புக்கொண்டார். அவருக்கு அந்தப் புழுவின் மேல் தனியாகப் பாசம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் ஓர் உயிர் தன் குரலைக் கேட்டுத் தலையைக் கழற்றிப் போட்டுவிட்டது என்ற நினைப்பு அவரை அரித்தது. இத்தனை வருஷத்தில் தன் குரலால் எத்தனை பேரை நேரத்துக்கு ஊர் சேர்த்திருப்போம் என்று பெருமையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் மனைவியின் காதில் ஆசையாக ஏதோ சொல்லி, அவள் ஒரு வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது.

சிக்கல் என்னவென்றால், வீட்டுக்கு ஒரு குரல் வேலைக்கு ஒரு குரல் என்று மாற்றிக்கொள்ள அவர் தொண்டையில் சுவிட்ச் இல்லை. மறுநாள் கூண்டில் உட்கார்ந்து மைக்கைத் திறந்தவுடன், பேருந்து நிலையம் முழுக்க ஒரு கிசுகிசுப்பு பரவியது.

"பயணிகள் கவனத்துக்கு… நாலாவது நடைமேடையில வண்டி நிக்குது… கிளம்பப் போகுது… மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்லை."

நிலையம் ஒரு கணம் அப்படியே நின்றது. போட்ட சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு பேர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். விடாமல் அழுதுகொண்டிருந்த குழந்தை ஒன்று வாயை மூடிக்கொண்டு தூங்கிவிட்டது. முதல் தடவையாகப் பயணிகள் வரிசையில் ஏறினார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒலிபெருக்கிகளுக்குக் கீழே கூட்டம் சேரத் தொடங்கியது. எந்த ஊருக்கும் போக வேண்டிய அவசியமில்லாதவர்கள்கூட, சாப்பாட்டு நேரத்தில் வந்து பெஞ்சில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போனார்கள். வண்டிகள் காலியாகக் கிளம்பின. போக வேண்டியவர்கள் பெஞ்சிலேயே அயர்ந்து தூங்கியதுதான் காரணம். கோபத்தோடு கிளம்பி வந்த ஓர் ஆள், தன் மச்சினனோடு மல்லுக்கட்டப் போகிற வண்டிக்காகக் காத்திருந்தவர், அறிவிப்பைக் கேட்டுவிட்டு "சரி, விடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போனதை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

டிரைவர்கள் புகார் கொடுத்தார்கள். நிலையக் கண்காணிப்பாளர் கணீரைக் கூப்பிட்டனுப்பினார். விறைப்பான மனிதர்; சிரிப்பதற்குக்கூட மேலிடத்து அனுமதி வேண்டும் என்று நினைப்பவர்.

"தொண்டையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் ஏன் இந்தக் குரல்?"

"வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல சார். சத்தமே ஆகாது. அதே பழக்கம் இங்கயும் வந்துடுது."

"யாருக்கு?"

கணீருக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. எப்போது வண்டி வரும் என்பதைத் தவிர வேறு எதிலும் அவர் பொய் சொன்னதில்லை. "புழுவுக்கு சார்," என்றார்.

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"விடுமுறையில நானே வந்து பார்க்கறேன்," என்றார். "பொய்யா இருந்தா, உங்களைச் சாமான் அறைக்கு மாத்திடுவேன்."

சொன்னபடி வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். உடம்பு சரியில்லாத வீட்டுக்கு வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லாததால் வழியில் வாங்கிவிட்டதாகவும், வாங்கிய பிறகுதான் யாருக்கு என்று யோசித்ததாகவும் சொன்னார். கதவில் ஒட்டியிருந்த பஞ்சையும் நாற்காலிகளின் சாக்ஸையும் பார்த்ததும் அவர் குரல் தானாக இறங்கியது.

"எங்க இருக்கார்?"

"அந்தக் குழாய்க்குள்ள சார்," என்றாள் மனைவி மெதுவாக.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கண்காணிப்பாளர் காலிக் குழாயைப் பார்த்தார். குழாய் அவரைப் பார்த்தது.

"உள்ளயா இருக்கார்?"

"உள்ளதான்."

"சாப்பிடறாரா?"

"கொண்டை இல்லாம எப்படி சார் சாப்பிடும்? அது வளர்ற வரைக்கும் பட்டினிதான். பக்கத்துல பாசித் தண்ணி மட்டும் சொட்டு சொட்டா விடறேன். கொஞ்சம் உள்ள போனாலும் லாபம்."

"பாவம்," என்றார் கண்காணிப்பாளர். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "எனக்கும் போன வருஷம் இப்படித்தான். வீட்டை விட்டே வெளிய வரலை. திரைச்சீலையைக்கூடத் திறக்கலை."

"அடடா. என்ன சார் ஆச்சு?"

"முடி வெட்டுறவர் ஒரு பக்கம் அதிகமா வெட்டிட்டார்."

கணீரும் மனைவியும் மரியாதையாக, அவர் தலையைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார்கள். அப்போதுதான் மாமனார் தன் அறையிலிருந்து வந்தார். வந்திருப்பவர் அதிகாரி என்று தெரிந்ததும் அவருக்குள் இருந்த பாதி டாக்டர் முழு டாக்டராகிவிட்டார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். தொட்டியின் மூடியைத் தூக்கினார். கையைத் தண்ணீருக்குள் விட்டு, குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு லேசாக அழுத்தினார்.

"துடிப்பு இருக்கு," என்றார். "போன வாரத்துக்கு இப்ப தேவலை."

மனைவி கத்தினாள். ஆனால் அந்த வீட்டில் யாரும் கத்தக் கூடாதென்று அவளே சட்டம் போட்டிருந்ததால், அது காற்றுப் போகிற டயர் மாதிரிதான் வந்தது. "அப்பா! என்னப்பா பண்றீங்க?"

"நாடி பாக்கறேன்."

"எத்தனை நாளா?"

"அது வந்த நாள்லேருந்து. காலையில ஒரு தடவை, நீ வேலைக்குப் போனப்புறம் ஒரு தடவை. நோயாளியைக் கவனிக்காம விடலாமா?"

"அது வந்தப்ப நோயாளியே இல்லையேப்பா!"

"பாத்தாத்தானே தெரியும்?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். சீட்டில்லாமல் ஏறியவனைக் கண்டுபிடிக்கிற பார்வை. "ஐயா, கையில என்ன அது?"

மாமனாரின் மணிக்கட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு வளையம் மின்னியது. எப்போதும் அங்கேயே கிடந்ததால் வீட்டில் யார் கண்ணிலும் அது பட்டதே இல்லை.

"செம்பு," என்றார் மாமனார். "முட்டி வலிக்கு நல்லது." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையை மெதுவாக வெளியே எடுத்து, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

கணீருக்கு வாழ்க்கையில் அன்றைக்குப் போல எப்போதும் கத்த ஆசை வந்ததில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி, எல்லா நடைமேடைக்கும் கேட்கிற மாதிரி, "நான் இல்லை!" என்று முழங்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தார். தொட்டியைப் பார்த்தார். "நான் இல்லை," என்று கிசுகிசுத்தார். அது பக்கத்திலிருந்த கண்காணிப்பாளருக்கே சரியாகக் கேட்கவில்லை.

கடைக்காரம்மா போனில் தலையில் அடித்துக்கொண்டது இந்தப் பக்கம் கேட்டது. "வளையம் ஒரு பக்கம் இருக்கட்டும். தினம் ரெண்டு வேளை உங்களை ஒருத்தர் கழுத்தைப் பிடிச்சு அமுக்கினா உங்க தலை நிக்குமா? தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திடாதீங்க, அதுவும் அதிர்ச்சிதான். செம்பை உறிஞ்சக் கரிப் பை போடுங்க. அவரைத் தொட்டி பக்கம் விடாதீங்க."

மனைவி கணீரிடம் நேராக மன்னிப்புக் கேட்கவில்லை. ஆப்பிள் ஒன்றை எடுத்து, தோல் சீவி, விதை எடுத்து, துண்டு போட்டு அவர் முன்னால் வைத்தாள். வாங்கி வந்தவருக்கே தோலோடுதான் கிடைத்தது. கணீர் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார். கண்காணிப்பாளர் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளையிலேருந்து பழைய குரல்," என்றார். படி இறங்கியவர் திரும்பிவந்து, "சாப்பாட்டு நேரத்துல மட்டும் இந்தக் குரலே இருக்கட்டும். அப்ப எனக்கும் கொஞ்சம் கண் அசரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஞ்சு ஒட்டியிருந்ததால் கோபமாகச் சாத்த முடியவில்லை. அது அவருக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது. சாப்பாடு உள்ளே போனது, தட்டு வெளியே வந்தது. வளையத்தைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டதாகத் தட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்.

எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்த நேரத்தில், விசிறி குழாயை விட்டே வெளியே வந்துவிட்டது.

காலையில் மனைவி பார்க்கும்போது அது மணலில் கிடந்தது. கொண்டையும் இல்லை, வீடும் இல்லை. ரோஸ் நிறத்தில், பிழிந்து போட்ட பற்பசை மாதிரி, வெறும் உடம்பு. இதுவரை யாரும் பார்க்காத உடம்பைப் பார்த்துவிட்ட கூச்சத்தில் கணீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வீட்டையும் காலி பண்ணிடுச்சு," என்றாள் அவள். அவள் அழுது கணீர் அதிகம் பார்த்ததில்லை. பல் பிடுங்குகிற இடத்தில் வேலை பார்க்கிறவள்; ரத்தத்துக்கும் ஓலத்துக்கும் அசராதவள். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான்தான் சரியாப் பாத்துக்கல போல," என்றாள்.

"நீ பாக்காம யார் பாத்தா? தலையணை மேல வச்சு மிக்ஸி ஓட்டற வீடு உலகத்துல வேற எங்க இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் கடைக்காரம்மா சொன்னபடி வேலையில் இறங்கினார்கள். உறிஞ்சு குழல் மாதிரி தடிமனான ஒரு பிளாஸ்டிக் குழாயை வெட்டி, ஓரத்தை மழமழவென்று தேய்த்து, தற்காலிக வீடாகப் புழுவின் பக்கத்தில் வைத்தார்கள். உள்ளே போனால் போகட்டும், போகாவிட்டால் வற்புறுத்தக் கூடாது என்பது உத்தரவு. மீன்கள் கொத்தாமல் இருக்க மேலே ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள். கணீர் அன்றைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தொட்டியின் முன்னால் காவல் உட்கார்ந்தார். கிசுகிசுப்பாகப் புழுவிடம் பேசினார். "பக்கத்துலயே வீடு இருக்கு. காலியாத்தான் இருக்கு. முன்பணம்கூட வேண்டாம். போய்ப் பாரு, பிடிக்கலைன்னா வந்துடலாம்."

புழு பிளாஸ்டிக் வீட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணீர் கழிவறைக்குப் போய்விட்டு வருவதற்குள் கூடையின் ஓட்டை வழியாக நழுவி எங்கேயோ போய்விட்டது.

நாட்கள் போயின. வாரங்களும் போயின. செத்திருந்தால் தண்ணீர் நாறும் என்று கடைக்காரம்மா சொன்னாள். மனைவி தினமும் தொட்டியை மோந்து பார்த்தாள். நாறவில்லை. அது ஒன்றுதான் நம்பிக்கை. தொட்டி சுவரோடு ஒட்டி நின்றது, பாறைகள் பின் கண்ணாடிவரை அடுக்கப்பட்டிருந்தன. பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்க வழியில்லை.

ஒருநாள் அவள் வேலையிலிருந்து வரும்போது பைக்குள் பழைய பல் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தாள். கடைவாயின் பின்பக்கம் பார்ப்பதற்கான, நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடி. அதை நன்றாகக் கழுவி, ஒரு குச்சியில் கட்டி, மூடியைத் திறந்து பாறைக்குப் பின்னால் இறக்கினாள். இன்னொரு கையில் டார்ச்.

"கொஞ்சம் வலது பக்கம்," என்று பழக்க தோஷத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "வாயை நல்லா… அங்க! என்னங்க, அங்க இருக்கு!"

கணீர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பொத்தான் அளவு கண்ணாடியில், மண்ணும் சளியும் சேர்த்துக் கட்டிய ஒரு புதுக் குழாய் தெரிந்தது. அதன் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு கொண்டை. வெளுப்பாக, ஓரத்தில் ஒரு பக்கம் குட்டையாக, ஆனால் விரிந்துதான் இருந்தது. மனைவி கணீரின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

சந்தோஷம் ஆறும்போதுதான் கோளாறு புரிந்தது. விசிறி புது வீட்டைப் பின்பக்கம் பார்த்துக் கட்டியிருந்தது. வாசல் சுவரைப் பார்த்து. முன்னால் எத்தனை பேர் தவம் கிடந்தாலும் தெரிவது பாறையின் முதுகு மட்டும்தான். இடம் மாற்றக் கூடாது. மறுபடியும் தலையைக் கழற்றிவிடும். ஆகவே யார் பார்ப்பதானாலும் பல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மாமனார் ஒரு சாயங்காலம் அறையை விட்டு வெளியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தானும் பார்க்கலாமா என்று கேட்டார். மகள் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். அவருக்குத் தன் மூக்கு முடிதான் தெரிந்தது. அறைக்கே திரும்பிப் போனார்.

மறுநாள் கணீர் மதியமே வேலை முடிந்து வந்தார். மனைவி இன்னும் வரவில்லை. ஹாலில் நின்றபோது எங்கிருந்தோ கர்ர் என்று ஒரு சத்தம். நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடியும் கர்ர். எலி என்று நினைத்துச் சத்தம் வந்த பக்கம் போனால், அது மாமனாரின் அறை. கதவைத் திறந்தார்.

மாமனார் கட்டிலின் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, ரொட்டி வெட்டுகிற கத்தியால் சுவரை அறுத்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம்தான் தொட்டி. ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, காதைப் பலகையில் வைத்துக் கேட்டு, ஒரு நீண்ட மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த இழுப்பு. வெள்ளைப் புருவமெல்லாம் மரத்தூள்.

"மாமா! என்ன இது?"

"சத்தம் போடாதீங்க மாப்பிள்ளை." வேலையை நிறுத்தாமலே சொன்னார். "காலையிலேருந்து அறுக்கறேன். ஒரு அதிர்வுகூடப் போகல. அந்தம்மா என்னைத் தொட்டி பக்கம் போகக் கூடாதுன்னுதானே சொன்னா? நான் என் ரூமை விட்டே நகரலை."

கணீர் தடுக்கத்தான் போனார். ஆனால் மூன்று பக்கம் அறுத்து முடிந்திருந்தது.

"அந்த ஓரத்தைப் பிடிச்சுக்கங்க," என்றார் மாமனார். "பலகை விழுந்தா சத்தம் வரும். நான் ஒரு ஆளா என்ன பண்ண முடியும்?"

கணீர் பிடித்துக்கொண்டார். கடைசி இழுப்பில் பலகைத் துண்டு அவர் கையில் வந்தது. கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கிக் கட்டிலில் படுக்க வைத்தார். துவாரத்துக்கு அந்தப் பக்கம் தொட்டியின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நீலக் காகிதம். மாமனார் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, புண்ணில் ஒட்டிய கட்டைப் பிரிப்பது போல நிதானமாக உரித்தார்.

கண்ணாடியின் அந்தப் பக்கம், மூக்குக்கு நேராக, விசிறி விரிந்து நின்றது. பல் கண்ணாடியில் பார்த்ததைவிடப் பெரிதாகியிருந்தது. வெளுப்பு போய், வரிவரியாகப் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. புதிதாக வெளிச்சம் வந்ததும் வெடுக்கென்று உள்ளே போனது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். வெகுநேரம் கழித்து ஓர் இறகு எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாமே.

மனைவி வந்தாள். ஹாலில் யாருமில்லை. தொட்டிக்குப் பின்னால் புதிதாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஓடிவந்து அறை வாசலில் நின்று, சுவரைப் பார்த்து, ரொட்டிக் கத்தியைப் பார்த்து, தூள் படிந்த தகப்பனைப் பார்த்து, பலகைத் துண்டை மடியில் வைத்திருந்த புருஷனைப் பார்த்து வாயைத் திறந்தாள். இரண்டு ஆண்களும் ஒரே சமயத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள். அவள் திறந்த வாயோடு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். விசிறியைப் பார்த்தாள். அன்று சொல்ல வேண்டிய வசவுகளை அவள் சமையலறையில் வைத்து, தவணை முறையில், மெதுவான குரலில் சொல்லித் தீர்க்க ஒரு வாரம் பிடித்தது.

அதற்குப் பிறகு வீட்டின் நடு இடம் ஹால் இல்லை, மாமனாரின் அறை. பாசித் தண்ணீர் விடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எல்லோரும் அங்கேதான். மாமனார் விதிமுறை எழுதாமலே விதிமுறை வைத்தார்: தட்டிவிட்டு வர வேண்டும், அதுவும் ஒரு விரலால். அறையை மாற்றிக்கொள்ளலாமா என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள். "எனக்குக் காற்றோட்டம் இங்கதான் நல்லா இருக்கு," என்றார், ஜன்னலை மூடிக்கொண்டே.

கொண்டை முழுசாக வளர்ந்துவிட்டதென்று கேள்விப்பட்டுக் கண்காணிப்பாளர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். அறையில் உட்கார வேறு இடமில்லை. ஐந்து பேரும் கட்டிலின் விளிம்பில் வரிசையாக, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்தார்கள். கண்காணிப்பாளரின் மனைவி, "எவ்ளோ அழகா இருக்கு," என்று சொல்லி முன்னால் சாய்ந்தாள். கட்டிலின் கால் ஒன்று படாரென்று முறிந்தது.

ஐவரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து தரையில் விழுந்தார்கள். கண்காணிப்பாளரின் முழங்கை கணீரின் விலாவில். மாமனார் எல்லோருக்கும் அடியில். விசிறி கண்மூடித் திறப்பதற்குள் குழாய்க்குள் மறைந்துவிட்டது. ஒருவர்கூட "ஐயோ" என்று சொல்லவில்லை. ஒருவர்கூட எழுந்திருக்கவும் இல்லை. விழுந்தது விழுந்தபடியே, கையும் காலும் பின்னிக்கொண்டு, பத்துக் கண்களும் சுவரிலிருந்த துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"வருமா?" என்று அடியிலிருந்து மாமனார் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

கணீருக்கு விலா வலித்தது. தும்மல்கூட வருவது போலிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் கை எங்கிருந்தோ துழாவி வந்து அவர் கையைப் பிடித்தது; அல்லது கண்காணிப்பாளரின் மனைவியுடைய கையோ, அந்தக் குவியலில் யார் கண்டது. குழாயின் வாய் அசையாமல் இருந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரே ஓர் இறகு நீண்டு, தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது.